குடித்ததாகச் சொல்லிவைத்தது

ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்பு சொல்லிப் போவது, பார்க்கிறவர்களுக்கு எளிதான வேலையாகத் தெரியும். முன்னால் ஒரு ஹார்ன், பின்னால் ஒரு ஹார்ன், நடுவில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். ஆனால் கேட்கிறவரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நீங்கள் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். ரோட்டில் ஜீப் வருகிறது. வளைவு திரும்பித் தென்னந்தோப்பு அதை மறைக்கிறவரைக்கும் நாலைந்து வாக்கியங்கள்தான் உங்கள் காதில் விழும். அவற்றில் எந்த வாக்கியத்திலிருந்து நீங்கள் கவனிக்கத் தொடங்குவீர்கள் என்பது ஜீப்பில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆகவே எங்கே தொட்டாலும் முழுச் செய்தியும் கிடைக்கிற மாதிரி அவன் சொல்ல வேண்டும். இடம், நாள், விஷயம் மூன்றையும் சின்ன வாக்கியங்களில் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஹார்னின் எதிரொலி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி அடங்குகிற அளவுக்கு நடுவில் இடைவெளியும் விட வேண்டும். இடைவெளி குறைந்தால் ஒரு வார்த்தை மறு வார்த்தையின் மேல் ஏறிவிடும்.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பாறசாலையில் இதைச் சதாசிவனைப் போலச் செய்ய வேறு ஆள் இல்லை. கோயில் உற்சவம், பள்ளி ஆண்டுவிழா, கிறிஸ்தவக் கோயில் அசன விருந்து, தேர்தல் என்று எதற்கும் அவர் குரல்தான். அமரவிளை வரைக்கும் மலையாளத்தில் சொல்லுவார். திரும்பி இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போனால், மூச்சு விடாமல் தமிழுக்கு மாறிவிடுவார். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் மைக் செட் கடை வைத்திருக்கிற நான் ஜீப்பை ஓட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மணி என்பார். வேதமணி என்று முழுப் பெயர் சொன்னால் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

தொண்ணூற்றொன்று தேர்தலின்போதுதான் அவருக்கு அந்த நோய் முதலில் வெளிப்பட்டது. ஒரு வாரமாகத் தூங்காமலே பேசிக்கொண்டிருந்தார். முதலில் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டோம். பிறகு வாக்கியங்கள் நீளத் தொடங்கின. ஒரு வாக்கியம் உதியன்குளங்கரையில் தொடங்கினால் அமரவிளைப் பாலம் வந்தாலும் முடியாது. கடைசி நாளில் வேட்பாளரின் பெயரை விட்டுவிட்டு, பாறசாலையிலிருந்து கொல்லயில் வழியாக ஆரியங்கோட்டுக்குப் புதிய ரயில்பாதை நாளை திறக்கப்படுகிறது, அனைவரும் குடும்பத்தோடு வந்து இலவசமாக ஏறிக்கொள்ளலாம் என்று அறிவிக்க ஆரம்பித்தார். மறுநாள் காலையில் ஆரியங்கோட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் சோற்றுப் பொதியோடு உண்மையிலேயே வந்து நின்றதாகக் கொல்லயில்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் ஜங்ஷனில் ஜீப்பின் பானட் மேல் அவர் ஏறி நின்றபோது, அவர் மனைவி ஸ்ரீகுமாரி ஓடி வந்து காலைப் பிடித்து இறக்கினாள். கூட்டம் கூடிவிட்டது. வேட்பாளரின் ஆளான கொல்லயில் மோகனன் கோபத்தோடு, இவனுக்கு என்ன வந்தது என்று அவளிடம் கேட்டான். அவள் ஒரு நொடி கூட்டத்தைப் பார்த்தாள்.

“குடிச்சிற்றாரு,” என்றாள்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. சதாசிவன் அதுவரை கள்ளின் மணம்கூட அறியாதவர்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மனம் ஒரு காலம் கொதித்து மேலே போய், இன்னொரு காலம் அணைந்து கீழே விழுகிற நோய் என்றார்கள். அதற்கு லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கேட்டேன். லித்தியம் ஒரு உப்பு, நாம் சாப்பிடுகிற உப்பின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி, மூளை அதிகமாகக் கொதிக்காமலும் அதிகமாக அணையாமலும் பார்த்துக்கொள்ளும், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கூடினால் விஷம், குறைந்தால் பயனில்லை, அதனால் அவ்வப்போது வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. அடுத்த உற்சவத்துக்குக் கோயில் கமிட்டிக்காரர்கள், வண்டியில் ஏறும்போது குடிக்கக்கூடாது என்று ஒரு திட்டுத் திட்டிவிட்டு அவரையே கூப்பிட்டார்கள். டீக்கடையில் அவரைப் பார்த்தால், ஆரியங்கோட்டு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, எஞ்சினுக்குக் கரி வரவில்லை என்பார். அந்தக் கேலியில் அன்பு இருந்தது. அது அப்படியே நிலைக்கட்டும் என்று அந்த வீடு விரும்பியது. ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பகுதி வரிசையில் நின்றால் பாறசாலை ஆள் யாராவது பார்த்துவிடுவார் என்று ரத்தம் பார்க்கப் போவது மெல்ல மெல்ல நின்றுபோனது. ஸ்ரீகுமாரி பழைய சீட்டைக் காட்டி நெய்யாற்றின்கரையில் ஒரு கடையிலிருந்து மாத்திரை வாங்கி வருவாள். பாறசாலைக் கடையில் வாங்க மாட்டாள். காலையும் இரவும் தவறாமல் தன் கையாலேயே கொடுப்பாள்.

தொண்ணூற்றுமூன்று கடைசியில் குரல் மாறத் தொடங்கியது.

முதலில் அதை உதியன்குளங்கரையில் மீன் விற்கிற கார்த்தியாயினிதான் சொன்னாள். ஜீப் அவளைத் தாண்டும்போது கையைக் காட்டி நிறுத்தி, “எலே மணி, பேட்டரி செத்தாச்சு, மாத்தப்பிடாதா? சத்தம் ஆமை ஊருத மாதிரியாக்கும் வருது,” என்றாள். டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு எப்படித் தடித்து, இழுத்து, கீழே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரிதான் இருந்தது. நான் பேட்டரியைச் சார்ஜ் பண்ணினேன். அடுத்த நாளும் அதே சத்தம். மைக்கை மாற்றினேன். ஹார்னின் யூனிட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் சவ்வைப் பார்த்தேன். பழுது பார்க்கிறவனுக்கு ஒரு முறை உண்டு: ஒவ்வொரு பகுதியாக மாற்றிக்கொண்டே போனால், எதை மாற்றும்போது கோளாறு மறைகிறதோ அதுதான் கெட்டுப்போன பகுதி. எல்லாவற்றையும் மாற்றினேன், கோளாறு மறையவில்லை. மாற்றாமல் மீதியிருந்தது பேசுகிற ஆள் மட்டும்தான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சித்திரை பிறந்த மேட மாதத்து வெயிலில் ஜீப்புக்குள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கண் இமைகள் தடித்து, புருவத்தின் ஓரத்து முடி கொட்டியிருந்தது. கை வறண்டு சொரசொரப்பாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பேன். வீட்டில் அதை யாரும் கெட்டதாக நினைக்கவில்லை. தூங்காத ஆளோடு வாழ்ந்தவர்களுக்குத் தூங்குகிற ஆள் பெரிய நிம்மதி. இப்போதாவது அடங்கிக் கிடக்கிறாரே என்று ஸ்ரீகுமாரியின் அக்கா சத்யபாமா வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்கு மட்டும் அதில் நிம்மதி இல்லை. அந்த வருஷ உற்சவத்துக்குக் கமிட்டி நெய்யாற்றின்கரையிலிருந்து வேறொரு ஆளைக் கொண்டுவந்தது. எங்கள் ஜீப், எங்கள் ஹார்ன், அந்த ஆளின் குரல். அன்று சதாசிவன் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் தூரத்தில் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“வேற ஒண்ணும் வேண்டாம் மணி. எனக்க தொண்டைய மட்டும் ஆராவது செரியாக்கித் தந்தா போதும்.”

ஆவணி மாதம் வந்தால் ஓணக் கொண்டாட்டத்துக்கு ஊருக்கு ஊர் அறிவிப்பு இருக்கும். அதற்குள் குரல் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கு முந்தியது கர்க்கிடக மாதம். மழை கொட்டும், விசேஷம் எதுவும் நடக்காது, ஜீப்புக்கு வேலை இருக்காது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம்தான் உடம்பைப் பார்த்துக்கொள்கிற மாதம். மருந்துக்கஞ்சியும் எண்ணெயும் பத்தியமுமாகப் பலரும் வீட்டிலேயே கிடப்பார்கள். கொல்லயில் கிருஷ்ணன்குட்டி வைத்தியரிடம் போகலாம் என்று சதாசிவனே சொன்னார். அந்த நாட்களில் நான் கடையில் பழைய யூனிட்டுகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்ததைப் பின்னால் ஸ்ரீகுமாரி சொல்லித்தான் அறிந்தேன்.

வைத்தியர் நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அமுக்கினார். உடம்பில் நீர் கோத்திருந்தால் விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பும். சதாசிவனின் காலில் குழி விழவில்லை. ரப்பரை அமுக்கியது போல உடனே மேலே வந்தது. வைத்தியர் இன்னொரு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். அங்கேயும் விழவில்லை.  பிறகு வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீரா என்று கேட்டார்.

சதாசிவன் ஸ்ரீகுமாரியைப் பார்த்தார். ஸ்ரீகுமாரி தரையைப் பார்த்தாள். இல்லை என்றார்.

“குடி?”

“உண்டாயிருந்தது வைத்தியரே. இப்போ இல்ல.”

ரயில்பாதை அறிவிப்பை வைத்தியரும் கேட்டிருந்தவர்தான். அவர் தலையாட்டினார். குடித்துக் குடித்து ஈரல் கெட்டால் உடம்பு வீங்கும், மந்தம் வரும், மலம் கட்டும். அவருக்குச் சொல்லப்பட்ட கதையில் எல்லாம் பொருந்தியது, விழாத அந்தக் குழியைத் தவிர. ஈரல் கெட்டு வீங்கியவனுக்கு உப்பை நிறுத்துவதுதான் முறை. இங்கிலீஷ் டாக்டராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். வைத்தியர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. குடிகாரனுக்குச் சரியான சிகிச்சையைத்தான் கொடுத்தார்.

“உப்பு ஒரு தரி நாக்குல படப்பிடாது. பட்டா நான் தருத மருந்தெ ஆற்றுல களையலாம்,” என்று ஸ்ரீகுமாரியிடம் கண்டிப்பாகச் சொன்னார். வயிற்றை இளக்க ஒரு மருந்தும், நீரை இறக்க ஒரு கஷாயமும் கொடுத்தார்.

ஸ்ரீகுமாரி வீட்டு அடுக்களையிலேயே உப்பு வைப்பதை நிறுத்தினாள். கை தவறிக்கூட விழுந்துவிடக் கூடாது என்று உப்பு போட்டு வைக்கிற மரவையை ஜெபமலர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். ஜெபமலர் அடுத்த வீட்டுக்காரி. சதாசிவனோடு சேர்ந்து ஸ்ரீகுமாரியும் மகள் அஞ்சுவும் உப்பில்லாமலே சாப்பிட்டார்கள். நவரை அரிசிக் கஞ்சியை மருந்துப் பொடி போட்டுக் காய்ச்சி ஊட்டினாள். கஷாயத்துக்குப் பிறகு வழக்கம்போல லித்தியம் மாத்திரையையும் காலையும் இரவும் கொடுத்தாள். அதை அவள் ஒரு வேளையும் தவறவிடவில்லை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எனக்குப் படம் போட்டே காட்டினார். நம் வீட்டில் அரிசி களைகிற மாதிரி அது நல்லது கெட்டது பார்த்து அரிப்பதில்லையாம். முதலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். பிறகு, உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொரு வாசலாகத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். உப்புக்கு ஒரு வாசல். சாப்பாட்டில் உப்பு தாராளமாக இருக்கும்போது அந்த வாசலில் அவசரம் இல்லை. உப்பு வருவது நின்றுவிட்டால் உடம்பு பயந்துபோகும். ஒரு துளியையும் விடாமல் இழுத்துக்கொள்ளும். லித்தியமும் அதே வாசலில் நிற்கிறது. அது உப்பில்லை என்று வாசலுக்குத் தெரியாது. உப்பு என்று நினைத்து லித்தியத்தையும் உள்ளே இழுக்கும். வெளியே போக வேண்டியது போகாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். வயிற்றை இளக்கினால் தண்ணீரும் மிச்ச உப்பும் போய்விடும். நீரிறக்கும் கஷாயம் அதை இன்னும் விரைவாக்கும். எல்லாம் ஒரே பக்கம் தள்ளின.

சில நாட்களில் சதாசிவனுக்குக் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. வாந்தி எடுத்தார். சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. நாக்கு தடித்து வார்த்தை குழறியது. ஸ்ரீகுமாரி வைத்தியருக்கு ஆளனுப்பினாள். கெட்ட நீர் இறங்கும்போது கொஞ்சம் தளர்ச்சி இருக்கும், பத்தியத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று பதில் வந்தது. அவள் இன்னும் கவனமாகப் பத்தியம் காத்தாள்.

ஒரு காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. ஜெபமலர் மழையில் நனைந்துகொண்டே கடைக்கு ஓடி வந்தாள். நான் ஜீப்பிலிருந்து ஹார்னைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். வழியில் நெய்யாற்றின்கரையில், என்ன விசேஷம் என்று ஒருவர் கை காட்டிக் கேட்டார்.

திருவனந்தபுரத்தில் அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதுதான். ஸ்ரீகுமாரி சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தாள். பாறசாலை ஆள் யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, தாழ்ந்த குரலில் மலையாளத்தில் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், பாட்டில் தொங்கவிட்டார்கள், சாயங்காலம் ரத்தத்தை மிஷினில் விட்டுக் கழுவினார்கள்.

அந்தப் பாட்டிலில் என்ன மருந்து என்று ஸ்ரீகுமாரி நர்ஸிடம் கேட்டாள். உப்பு வெள்ளம் என்றாள் நர்ஸ். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லுவோம். ஸ்ரீகுமாரி அந்தப் பாட்டிலில் சொட்டுவதைப் பார்த்தபடியே இருந்தாள். நானும் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்பாள் என்று தெரிந்துவிட்டது.

அவர் கண் திறந்த பிறகுதான் கழுத்தில் இருந்த வீக்கத்தை அந்தப் பெண் டாக்டர் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். இரண்டு விரலை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார். விரலுக்கு அடியில் ஒரு கட்டி மேலே ஏறி இறங்கியது. கழுத்தில் குரல்வளைக்கு முன்னால் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு. உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்று தீர்மானிக்கிற சாறு அதிலிருந்து வருகிறது. லித்தியம் சிலருக்கு அந்தச் சாறு வெளியே வரும் வழியை அடைத்துவிடும். சாறு குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கிற இன்னொரு சுரப்பி, இன்னும் அனுப்பு இன்னும் அனுப்பு என்று கழுத்துக்குக் கட்டளை அனுப்பும். கழுத்துச் சுரப்பி முக்கி முக்கிப் பெரிதாகுமே தவிர, சாறு வராது. அடுப்பு தணியும். குளிரும், தூக்கம் வரும், நினைப்பு மெதுவாகும். தோலுக்கடியில் நீருக்குப் பதில் பசை போன்ற ஒன்று சேரும். அதனால்தான் அமுக்கினால் குழி விழவில்லை. குரல் நாண்களிலும் அதே பசை. தடித்த கம்பி மெதுவாகத்தான் அதிரும். அதனால் குரல் கீழே போனது. சுரப்பி மந்தமானால் சிறுநீரகமும் மந்தமாகி லித்தியத்தை வெளியேற்றுவது குறையும் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

இதற்கு மருந்து என்ன என்று கேட்டேன். அந்தச் சாற்றையே ஒரு சின்ன மாத்திரையாகச் செய்து விற்கிறார்கள், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டால் போதும் என்றார். லித்தியத்தை நிறுத்தக்கூடத் தேவை இருந்திருக்காது என்றார். இடையில் ஒரு தடவை ரத்தம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வார்டுக்கு வெளியே ஜன்னலோரம் ஸ்ரீகுமாரி நின்றுகொண்டிருந்தாள்.

“மணியண்ணா, உப்பு குடுக்காததினாலயாக்கும், இல்லியா?”

ஆயிரம் பேருக்கு ஆயிரம் விஷயம் விளக்கிச் சொன்னவன் நான். டார்ச் லைட் ஏன் எரிகிறது என்று கேட்டவனுக்கு ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பாதியோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், பாதி சொன்னால் மீதியை அவளே இதைவிடக் கொடுமையாக நிரப்பிக்கொள்வாள் என்று தோன்றியது. அதனால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வாசல், அடைப்பு, பசை, குழி விழாதது எல்லாம். நடுவில் ஒன்றும் கேட்காமல் முடிகிறவரைக்கும் கேட்டாள்.

“குடிக்கமாட்டாருண்ணு வைத்தியருக்குத் தெரிஞ்சிருந்தா?”

“உப்பெ நிறுத்தியிருக்கமாட்டாரு.”

அவள் தலையசைத்தாள். “அண்ணைக்கு ஜங்ஷன்ல அத சொன்னது நானாக்கும்,” என்றாள். பிறகு உள்ளே போய் அவர் உதட்டைத் துணியால் நனைத்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

ஓணம் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. லித்தியத்தை நிறுத்தி மனசுக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். கழுத்துக்கு அந்தச் சின்ன மாத்திரை. ஊருக்கு வந்த பிறகு அது ஒரு மாதத்தில் வேலையைக் காட்டியது. ஸ்வெட்டர் கழன்றது. முகத்தின் வீக்கம் வடிந்து பழைய எலும்பு தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொன்னார். மைக்கைக் கையில் கொடுத்தேன். ஹலோ என்றார்.

பழைய குரல். அப்படியே வெண்கலம் தட்டிய மாதிரி. நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பார்த்தார். எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. ஒன்று வெடித்தது, ஒன்று விழுங்கிப்போனது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தேவையில்லாத இடைவெளி. நாம் பேசும்போது உதடு, நாக்கு, மூச்சு மூன்றும் எந்த நொடியில் எது என்று பின்மூளை கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. நடக்கும்போது கால்களுக்கும் அதுதான் கணக்குப்பிள்ளை. லித்தியம் அளவு மீறி ஏறியபோது கெட்டுப்போனது அந்த இடம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் வாரா வாரம் பார்த்தோம். மைக் போடுவோம், சொல்லிப் பார்ப்பார், மைக்கை அணைப்போம். ஒரு வருஷம் அப்படிப் போனது. திரும்பவில்லை.

காலை அகற்றி வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து ஜங்ஷனில் நடப்பார். கூப்பிட்டால் குழறலாகப் பதில் வரும். சதாசிவன் திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு பஸ்ஸில் கண்டக்டர் அவரை ஏறவிடவில்லை. ஆனால் டீக்கடையில் கூடுகிறவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் தள்ளாடி வருவதைப் பார்த்தால், “ஆரியங்கோட்டு வண்டி தடம் புரண்டாச்சு,” என்று சொல்லி, கையைப் பிடித்துப் பெஞ்சில் தங்கள் நடுவிலேயே உட்காரவைப்பார்கள். டீயை ஆற்றிக் கையில் கொடுப்பார்கள்.

தொண்ணூற்றைந்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. இந்தத் தடவை தானே வேட்பாளராக நின்ற மோகனன் நோட்டீஸ் கட்டோடு, கூட இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தான். சதாசிவன் ஸ்டூலில் இருந்தார். அறிவிப்புக்கு வேறு குரல் பார்க்கலாம், ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று அமைத்துக் கொடுக்க அண்ணனை வண்டியில் உட்காரவைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். மோகனன் மறுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் குனிந்து தோளில் கை வைத்தான்.

“அண்ணே, அந்த எழவெ ஒண்ணு விடுங்க. விட்டா, நாளைக்கே வண்டி நான் வீட்டுக்குக் கொண்டுவாறேன்.”

“நா…ன் கு…டிச்…சதே இல்…ல,” என்றார் சதாசிவன்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மோகனனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அந்தக் குரலில், அந்த வாயிலிருந்து, அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும்.

நான் சதாசிவனைப் பார்த்தேன். அவர் கண்ணால் சரி என்றார். அதனால் சொன்னேன். தொண்ணூற்றொன்றிலிருந்து தொடங்கி, நோய், லித்தியம், கழுத்து, உப்பு, பின்மூளை என்று மோகனனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மோகனன் நல்லவன். ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டான். கூட வந்தவர்களின் சிரிப்பும் நின்றுவிட்டது. முடிந்தபோது அவன் என்னைக் கேட்காமல் சதாசிவனைக் கேட்டான்.

“அப்போ இத்தன காலமும் என்னத்துக்கு அண்ணே குடிச்சதா சொன்னிய?”

என்னிடம் பதில் இருந்தது. சதாசிவன் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். அந்தக் கை காற்றில் ஆடியது. வார்த்தைகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

“கு…டி…காரனுக்கு… மைக் கு…டுப்…பிய.”

மோகனன் கொஞ்ச நேரம் நோட்டீஸ் கட்டின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, அந்த நோய் இனியும் வருமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் வராது, ஒரேயடியாக வராது என்று யாரும் சொல்ல முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். கமிட்டியில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான். நெய்யாற்றின்கரை ஆள்தான் பேசினார், அவர்களுடைய ஜீப்பில். தேர்தல் முடிந்து மோகனன் ஜெயித்தும் விட்டான்.

இப்போது ஊரில் யாரும் சதாசிவனைக் குடியன் என்று சொல்வதில்லை. டீக்கடையில் ரயில் எத்தனை மணிக்கு என்றும் கேட்பதில்லை. அவர் வருவதைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பெஞ்சில் இரண்டு பக்கமும் நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறார்கள். நிறைய இடம்.